பத்தே கால்

ஞாயிற்றுக்கிழமை, கல்மண்டபம் பக்கத்துச் சந்து.
பல் டாக்டரிடம் வந்தவைபோல்
வாய் பிளந்து நிற்கின்றன நான்கு பானெட்டுகள்.
என்னுடையது ஐம்பத்தாறு மாடல் மோரிஸ் மைனர்,
அதில் மணி பத்தே கால்.
டென்சிலின் ஆஸ்டினில் ஐந்து நாற்பது.
மீரான் பாயின் ஹில்மேனில்
பெரிய முள் உண்டு, சின்ன முள் உதிர்ந்துவிட்டது.
ஏதோ ஒரு மணி இருபது நிமிஷம் என்பதுவரை நிச்சயம்.
அந்த ஏதோ ஒன்று அவரவர் நம்பிக்கை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் தனகோட்டியின் ஹெரால்டில்
கடிகாரம் இருந்த இடத்தில் வட்டமாய் ஓர் ஓட்டை.
ரிப்பேருக்குப் போயிருக்கிறது,
போன வருஷம் தை மாசம்.
"ஓட்டையாவது பொய் சொல்லாம கீது," என்கிறாள்
அதற்குள் வறுகடலைப் பொட்டலத்தைச் செருகிக்கொண்டே.

"என்னுது ராத்திரி பூரா பேட்டரியக் குடிச்சிட்டு
காலையில தூங்குது மேன்,
எங்க டாடி மாதிரியே," என்கிறான் டென்சில்.
எழுப்ப ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான்:
இடது கதவை ஓங்கிச் சாத்த வேண்டும்.
கடிகாரம் ஓடும். கதவு கழன்றுவிடும்.

மீரான் பாய் சத்தியம் செய்கிறார்,
குலுங்கினால்தான் அவருடையதற்கு உயிர் என்று.
பீச் ரோட்டில் வழுக்கிப் போனால் நின்றுவிடும்.
"அடையாறுல மாமியார் வூடு.
அங்க போனா நேரமே நவுர மாட்டேங்குது.
திரும்பி வந்து வண்ணாரப்பேட்டைப் பள்ளத்துல எறங்குனா
ஒரு மணி நேரம் ஒரே தாவு தாவுது."
"அது கடியாரம் இல்ல பாய்," என்கிறாள் தனகோட்டி,
"கார்ப்பரேஷன்மேல எழுதுன புகார்."

பிறகு எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.
தெரியும், கொருக்குப்பேட்டைக் கதையை எடுப்பார்கள்.

ஆவணியில் என் மோரிஸில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு.
முகூர்த்தம் ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள்.
கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி
ஒவ்வொரு பெட்டியாய் யோசித்து யோசித்துப் போனது.
முன்சீட்டில் இருந்த தாய்மாமா
கைக்கடிகாரத்தை மண்டபத்தில் மறந்தவர்,
என் டேஷ்போர்டைப் பார்த்தார்.
பார்த்தவர் கத்தினார்:
"பத்தே கால்! போச்சுடா!"
நான் விளக்குவதற்குள் கேட் திறந்தது,
மாப்பிள்ளை மாலையோடு இறங்கி ஓடினான்,
ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பு வெளியே தொங்க
தண்டையார்பேட்டை போய்ச் சேர்ந்தான்.
அங்கே மணி ஆறு ஐம்பது.
இட்லி வேகவில்லை. பெண் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.
"இன்னா அவசரம்?" என்று கேட்டாளாம்.
இன்றுவரை அவனை வீட்டில் கூப்பிடுவது 'பத்தே கால்'.

(என் மோரிஸ் அன்று கேட்டைத் தாண்டவே இல்லை.
அது வேறு கதை, அதில் டென்சிலின் ஸ்பானர் வருகிறது,
அதனால் அவன் இருக்கும்போது சொல்வதில்லை.)

டீ கிளாஸ் எடுக்க வந்த பையன் கேட்டான்,
"அண்ணே, மணி இன்னா?"
நான்கு பேர் பாக்கெட்டிலும் போன் இருந்தது.
நான்கு பேரும் அவரவர் காருக்குள் எட்டிப் பார்த்தோம்.
பத்தே கால்.
அஞ்சு நாப்பது.
ஏதோ ஒண்ணு இருவது.
வறுகடலை.

அவன் எங்களைப் பார்த்த பார்வை தாங்காமல்
டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினேன்.
டிக் என்றது.
இன்னொரு டிக்.
தனகோட்டி மெல்லுவதை நிறுத்தினாள்.
டென்சில் தொப்பியைக் கழற்றினான்.
பத்து பதினாறு. முள் நடுங்கியது.
பத்து பதினேழு.
நின்றது.

கைதட்டினோம். மீரான் பாய் விசிலே அடித்தார்.
"எட்டாவப் போது," என்றான் பையன்,
கிளாஸ்களை விரலில் கோத்தபடி.
"வண்டிய எட்து ஓரம் கட்டுங்க,
கன்டெய்னர் லாரி வர்து."
ஓரம் கட்ட வேண்டியதுதான்.
முதலில் யாருடையது ஸ்டார்ட் ஆகும் என்று
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.